நாய்க்கும் பூனைக்கும் பறங்கிக்காய் கொடுக்கலாமா?



"முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது" என்று பெரியவங்க சொல்வாங்க. முழுசா மறைக்க முடியாதுதான். ஆனா ஒரு கரண்டி பறங்கிக்காயை மசித்து நாய்ச்சோற்றில் தாராளமா மறைக்கலாம்! மறைக்கலாமா, எவ்வளவு மறைக்கலாம், எப்போ மறைக்கவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் நாய், பூனை வளர்ப்பவங்க கடைசி வரை படியுங்க. வளர்க்காதவங்களும் படியுங்க. ஆயுத பூஜை பற்றிய பகுதி நம்ம எல்லாருக்கும் உரியது.

முதலில் பெயர்க் குழப்பம்

நம்ம காரைக்கால், நாகை, தஞ்சைப் பக்கம் மஞ்சள் நிறத்தில் இருப்பது பறங்கிக்காய். மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருப்பது பூசணிக்காய். சென்னைக்காரங்க மஞ்சளையே பூசணிக்காய் என்பாங்க. கோயம்புத்தூர்ப் பக்கம் அதுவே அரசாணிக்காய். வெள்ளையைக் கல்யாணப் பூசணி என்றும், தென்மாவட்டங்களில் தடியங்காய் என்றும், யாழ்ப்பாணத்தில் நீற்றுப் பூசணி என்றும் சொல்வாங்க. ஆக, "நாய்க்குப் பூசணி நல்லது" என்று யாராவது சொன்னால், எந்தப் பூசணி என்று முதலில் கேட்கணும். அவங்க சொல்வது பெரும்பாலும் மஞ்சள் பறங்கியைத்தான்.

பறங்கிக்காய் நம்ம நாட்டுக் காயே இல்லை தெரியுமா? அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் ஒரு குகையில் கிடைத்த பூசணி இன விதைகள் சுமார் 10,000 ஆண்டு பழமையானவை. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்த பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் போன்ற பல பயிர்கள் இங்கே வந்தன. அவர்களை நம்மவர்கள் "பறங்கியர்" என்றார்கள். பறங்கியர் காய் என்பதால் பறங்கிக்காய். வெள்ளைப் பூசணி மட்டும் பழைய ஆசியக் காய்.

பறங்கிக்காயில் என்ன இருக்கு?

100 கிராம் பச்சைப் பறங்கியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சக்தி ஏறக்குறைய 26 கலோரி. கொஞ்சம் மாவுச்சத்து, கொஞ்சம் நார்ச்சத்து, பொட்டாசியம். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின். நம்ம உடம்பு இந்தக் கரோட்டினை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக் கொள்ளும். நாயின் உடம்பும் அப்படியே மாற்றும். ஆனா பூனையால் தேவையான அளவு மாற்ற முடியாது! பூனைக்கு வைட்டமின் 'ஏ' மீன், முட்டை, ஈரல் போன்ற உணவிலிருந்து நேராகவே கிடைக்கணும்.

இன்னொரு வேடிக்கை. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனை இனத்தில் வேலை செய்யவில்லை என்று 2005-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதனால் பறங்கிக்காயின் தித்திப்புக்காகப் பூனை அதைத் தின்னாது. மீனோடு பிசைந்தால் மீனுக்காகத் தின்னும்.

வயிற்றில் அது என்ன செய்யும்?

பறங்கியின் பெருமை அதன் நார்ச்சத்தில் இருக்கு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை.

செய்து பார்: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சப்ஜா விதை போடு. கால் மணி நேரம் கழித்துப் பார். ஒவ்வொரு விதையும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வழுவழு என்று ஊதியிருக்கும்.

கரையும் நார்ச்சத்தும் குடலில் இப்படித்தான் வேலை செய்யும். மலம் தண்ணியாகப் போனால், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கெட்டியாக்கும். மலம் இறுகிப் போனால், தண்ணீரைத் தன்னோடு கொண்டுபோய் இளக்கிவிடும். ஒரே காய் பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் உதவுது என்று சொல்வதன் ரகசியம் இதுதான். மேலும், பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இந்த நாரைப் புளிக்க வைக்கும். அப்போது உண்டாகும் சில அமிலங்கள் குடல் சுவருக்கே உணவாகும்.

ஆனா ஒன்று. இது மருந்து இல்லை, லேசான கோளாறுக்கு ஒரு கைவைத்தியம் மட்டுமே. "மாட்டாஸ்பத்திரி எதுக்கு, பறங்கிக்காய் போதும்" என்று யாரும் முடிவு பண்ணிடாதீங்க. ஏன் என்று கீழே சொல்றேன்.

எப்படிச் சமைக்கணும்?

1. நல்லா முத்தின, அழுகாத பறங்கிக்காயாக எடுக்கணும். ஒரு துளி வாயில் வைத்துப் பாருங்க. கசந்தால் தூக்கிப் போடுங்க. வெள்ளரி, சுரை, பறங்கி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் கசக்கும் காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கும். வேக வைத்தாலும் அது போகாது. மனுஷனுக்கும் ஆகாது, மிருகத்துக்கும் ஆகாது.

2. தோல், காம்பு, நடுவில் இருக்கும் நார், விதை எல்லாவற்றையும் எடுத்துடுங்க. கெட்டித் தோலும் காம்பும் சின்ன நாயின் தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளலாம்.

3. இட்லிப் பானையில் ஆவியில் வேக வையுங்க. இல்லை, கொஞ்சம் தண்ணீரில் வேக வையுங்க. உப்பு, மிளகாய், புளி, எண்ணெய், வெல்லம் எதுவும் வேண்டாம்.

4. மசித்து, நல்லா ஆறவிட்டு, வழக்கமான சோற்றோடு கலந்து கொடுங்க.

5. மிச்சம் இருந்தால் அன்றைக்கே முடிக்கணும். நம்ம கடலோர வெக்கையில் சாயங்காலத்துக்குள் புளிச்சுப் போகும். ஃபிரிட்ஜில் என்றால் 2, 3 நாள் வைக்கலாம்.

தனியாக அடுப்பு மூட்டணுமா? தேவையே இல்லை. அம்மா பறங்கிக்காய் கூட்டு வைக்கும்போது, காய் வெந்ததும் உப்பும் தாளிப்பும் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்க. "உப்புக்கு முன்னே ஒரு கரண்டி." இந்த நாலு வார்த்தையை மட்டும் மறக்காதீங்க.

எவ்வளவு கொடுக்கலாம்?

பூனை (3 – 4 கிலோ): 1 தேக்கரண்டி
பால் மறந்த நாய்க்குட்டி: 1 தேக்கரண்டி
சின்ன நாய் (5 – 10 கிலோ): 1 மேசைக்கரண்டி
நம்ம நாட்டு நாய் (15 – 20 கிலோ): 2 மேசைக்கரண்டி
பெரிய நாய் (25 கிலோவுக்கு மேல்): 3 அல்லது 4 மேசைக்கரண்டி

இது ஒரு நாளைக்கு உரிய மொத்த அளவு. முதல் நாள் இதில் பாதி போதும். மறுநாள் வயிறு சரியாக இருந்தால் முழு அளவு. தினமும் கட்டாயம் கொடுக்கணும் என்று இல்லை.

"நல்லதுதானே, நிறையக் கொடுத்தா என்ன?" என்று சிலர் கேட்பாங்க. நார்ச்சத்து அதிகமானால் பேதி நிற்பதற்குப் பதிலாகக் கூடிவிடும். வயிறு நிறைந்துபோனதால் மீன், முட்டை, கறி சாப்பிடாமல் விட்டுவிடும். பொதுக் கணக்கு இது: ஒரு நாள் உணவில் 10-ல் 9 பங்கு சத்தான வழக்கமான உணவு, 1 பங்குக்குள்தான் மற்றதெல்லாம். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ள பிராணிக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

பூனையைச் சைவமாக்க முடியாது

பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேணும். அது மீனிலும் கறியிலும் இருக்கு, பறங்கிக்காயில் இல்லை. பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. டாரின் குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல்தான் தெரிய வந்தது. ஆகவே, "எங்க வீட்ல சைவம், பூனைக்கும் பறங்கிக்காய் சாதம்தான்" என்பது பூனைக்குச் செய்யும் கொடுமை.

நம்ம ஊர்ப் பூனைங்களுக்கு மீனுக்குப் பஞ்சம் இல்லை. ஆனா அதிலும் கவனம் வேணும். சில வகைப் பச்சை மீனில் தயமினேஸ் என்ற பொருள் இருக்கு. அது வைட்டமின் 'பி1'-ஐ அழித்துவிடும். தினமும் பச்சை மீன் மட்டுமே தின்னும் பூனைக்குத் தள்ளாட்டம், வலிப்பு கூட வரலாம். வேக வைத்தால் அந்தப் பொருள் செயலிழந்துவிடும். அதனால் மீனை வேக வைத்து, முள்ளெடுத்து, ஒரு ஸ்பூன் பறங்கி சேர்த்துப் பிசைந்து கொடுங்க.

இன்னொன்று, பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதி ஆகும். பேதிக்குப் பறங்கிக்காய் தேடுவதற்கு முன், பாலை நிறுத்திப் பாருங்க!

கூட்டும் சாம்பாரும் ஏன் கூடாது?

மிச்சமான பறங்கிக்காய் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு ஊற்றுவது நம்ம வீடுகளில் சகஜம். அதில் பிரச்சினை பறங்கி இல்லை, வெங்காயமும் பூண்டும்தான். அவற்றில் உள்ள கந்தகப் பொருள்கள் நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேக வைத்தாலும் காய வைத்தாலும் அந்தக் குணம் போகாது.

கணக்குப் போடுவோமா? பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், பாதிப்பு ஆரம்பிக்க. 4 கிலோ பூனைக்கு 4 × 5 = 20 கிராம். அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்! நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். அப்போ யாருக்கும் சாம்பார் ஞாபகம் வராது. "கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லிவிடுவாங்க.

அதே மாதிரி, பறங்கி அல்வா, பாயசம் இவற்றில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவும் வேண்டாம்.

விதை கொடுத்தா புழு செத்துடுமா?

பறங்கி விதை குடல் புழுவுக்கு நல்லது என்று பாட்டி வைத்தியத்தில் சொல்வாங்க. விதையில் அந்தக் குணமுள்ள பொருள் இருப்பது உண்மைதான். ஆனா நாய்க்கு எவ்வளவு கொடுத்தால் எந்தப் புழு போகும் என்று உறுதியான அளவு கிடையாது. அதனால் நம்பி இருக்கக் கூடாது. டாக்டர் எழுதித் தரும் பூச்சி மாத்திரைதான் சரி. நாயின் கொக்கிப் புழு மண்ணிலிருந்து நம்ம கால் தோல் வழியாகவும் நுழையும். நாய்க்குப் பூச்சி மாத்திரை, நமக்குச் செருப்பு. இரண்டும் முக்கியம்!

பறங்கிக்காயைக் கீழே வச்சுட்டு ஓட வேண்டிய நேரம்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்க.

* தடுப்பூசி போடாத குட்டி நாய் வாந்தி எடுத்து, நாற்றத்தோடு இரத்தமாகப் போனால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். ஒரு நாள் தள்ளினாலும் குட்டி பிழைப்பது கஷ்டம். பறங்கிக்காய் வேக வைக்கிற நேரம்கூட வீணாக்கக் கூடாது. இதற்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் போடணும்.

* ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குது, கத்துது, ஒன்றும் வரலை. பார்ப்பவங்க "மலச்சிக்கல்" என்று பறங்கிக்காய் கொடுப்பாங்க. ஆனா பல நேரம் அடைபட்டிருப்பது சிறுநீர்! சிறுநீர் அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். மணல் நனைந்திருக்கா என்று பாருங்க. நனையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

* பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும், சாப்பாட்டை ஒதுக்கினாலும், வயிறு உப்பினாலும், தண்ணீர் குடித்தாலே வாந்தி எடுத்தாலும் உடனே டாக்டர்தான்.

* மாங்கொட்டை விழுங்கிய நாய். இது நம்ம ஊருக்கே உரிய ஆபத்து! ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் இறைப்பாங்க. பழம் நமக்கு, கொட்டை தெருவுக்கு. அதை நாய் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். எந்த நார்ச்சத்தும் அதைத் தள்ளாது. ஆபரேஷன்தான். கொட்டையைக் குப்பைக்கூடையில் போடுங்க.

தெருவில் உடைக்கும் பூசணிக்காய்

ஆயுத பூஜை, அமாவாசை, கடை திறப்பு, புது வண்டி என்று எல்லாவற்றுக்கும் நம்ம ஊரில் வெள்ளைப் பூசணிக்காய் உடைப்போம். மேலே துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைப்போம். திருஷ்டி போச்சு என்று நாம் உள்ளே போயிடுவோம். அதற்கப்புறம் அங்கே வருவது யார்? நாயும் மாடும் ஆடும்தான்.

வெறும் வெள்ளைப் பூசணி அவற்றுக்குக் கெடுதல் இல்லை. அதனோடு இருப்பதுதான் கெடுதல்.

- கற்பூரம்: வயிற்றுக்குள் போனால் வாந்தி, வலிப்பு வரும்.
- சில்லறைக் காசு: சின்ன நாய், குட்டிகளின் குடலில் அடைக்கும்.
- குங்குமம்: தரமில்லாததில் செயற்கைச் சாயம் இருக்கும்.
- ஆரத்திச் சுண்ணாம்பு: வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும்.
- அழுகல்: இரண்டு நாள் வெயிலில் கிடந்து பூசணம் பிடித்ததைத் தின்றால் பூசண நஞ்சு ஏறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நாய் நடுரோட்டில் நின்று தின்பது. வண்டி வந்தால் நாயும் சாகும், வழுக்கி விழுந்து வண்டிக்காரரும் சாவார். சாமி கும்பிடுவதை யாரும் விடச் சொல்லலை. வாசல் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் உடைக்கலாம். பிறகு காசையும் கற்பூரத்தையும் எடுத்துவிட்டுச் சாக்கோடு சுருட்டிக் குப்பைக் குழியில் போடலாம். ஐந்து நிமிஷ வேலை.

தெரு நாய்க்குக் கொடுக்கும்போது

பள்ளி வாசலிலும், சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம். ஒதுக்குப்புறமாக, ஒரே நேரத்தில், இலையில் வைத்துவிட்டு நகர்ந்துடணும். தின்னும் நாயைத் தொடக்கூடாது. குட்டி போட்ட நாயின் பக்கமே போகக்கூடாது. நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவணும். வீட்டில் சொல்லி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகணும். ஊசியைச் சொன்ன நாளிலெல்லாம் தவறாமல் போட்டுக்கணும். "திட்டுவாங்க" என்று மறைக்காதீங்க. வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. வரும் முன் தடுக்க மட்டும்தான் முடியும்.

நினைவில் நிற்க

1. பறங்கி நல்லது, அளவோடு.
2. தோல், விதை, காம்பு வேண்டாம்.
3. உப்புக்கு முன்னே ஒரு கரண்டி.
4. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.
5. பூனைக்கு மீன்தான் சாப்பாடு, பறங்கி தொட்டுக்க.
6. இரத்தம், வாந்தி, முக்கல் என்றால் டாக்டர்.

கோடிட்ட இடத்தை நிரப்புக

அ) பூனைக்கு ________ சுவை தெரியாது.
ஆ) பூனையின் இதயத்துக்குத் தேவையான சத்து ________.
இ) 3 கிலோ பூனைக்கு ________ கிராம் வெங்காயமே ஆபத்து.
ஈ) கசக்கும் பறங்கியில் இருக்கும் நச்சு ________.

விடைகள்: அ) இனிப்பு ஆ) டாரின் இ) 15 ஈ) குக்கர்பிட்டாசின்

நம் எல்லோருக்கும் ஒரு வேலை: இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அவரவர் தெருவில் கிடக்கும் பூசணித் துண்டுகளைப் பெரியவங்க துணையோடு ஓரமாகக் கூட்டி எடுப்போம். எத்தனை தெரு சுத்தமாச்சு என்று இந்தத் தாளின் கீழே இருக்கும் காலி இடத்தில் எழுதுங்க. பேனா நூலில் கட்டித் தொங்குது!